புழு நூற்றது புண்ணுக்கு ஆகுமா?

காயம் பட்ட நாளைவிடக் கட்டுப் பிரிக்கிற நாளுக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். தீக்காயமோ, அரிவாள் வெட்டோ, சர்க்கரைப் புண்ணோ, எதுவானாலும் டிரெஸ்ஸிங் தட்டோடு நர்ஸம்மா வார்டுக்குள் நுழையும் நேரத்தில்தான் முனகல் கூடும். பருத்தியில் நெய்த காஸ் துணி புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீர் காய்கிறது. காய்ந்த இடத்தில் துணியின் இழைக்கண்களுக்குள் புதுச் சதை நுழைந்து பிடித்துக்கொள்கிறது. மறுநாள் உப்புநீர் ஊற்றி எவ்வளவு ஊறவைத்து எடுத்தாலும், உடம்பு இரவெல்லாம் கட்டியெழுப்பியதில் ஒரு பங்கு துணியோடு உரிந்து வந்துவிடும். இரத்தம் கசியும். பாதி ஆறிய புண் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஸ், பேண்டேஜ் துணிகளுக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. அங்கிருந்து வடமேற்கே வருசநாட்டு மலையையும் மேகமலையையும் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தை ஒட்டி நெல்லும் திராட்சையும் வாழையும் வளரும் பூமி. தேனி மாவட்டத்தில் இவற்றுக்கு நடுவே மல்பெரித் தோட்டங்களும், அவற்றின் ஓரத்தில் சாக்கு மறைப்புப் போட்ட புழு வளர்ப்பு மனைகளும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் புண்ணுக்குக் கட்டும் துணி, இந்தப் பக்கம் பட்டுக்கூடு. ஆனால் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்று புண் கட்டும் பொருளாக ஆராயப்படுவது இந்தப் பக்கத்துச் சரக்கு. அந்த ஆராய்ச்சியில் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு வெறும் பேச்சு, நிலைப்பதில் இந்தப் பள்ளத்தாக்குக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறும், பொருக்குத் தட்டினால்தான் ஆறியதாக அர்த்தம் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்வார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார்; சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. புண்ணின் விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் புறப்படும் தோல் செல்கள் ஈரமான தளத்தில் ஊர்ந்து செல்லக்கூடியவை. பொருக்குக் கட்டினால் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. நேரம் அங்கேதான் வீணாகிறது. ஈரம் காக்கும் இன்றைய டிரெஸ்ஸிங் வகைகளெல்லாம் இந்தச் சோதனையின் வாரிசுகள்.

ஈரம் காக்கவும், ஒட்டாமல் இருக்கவும் நம்மிடமே ஒரு பொருள் உண்டு. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்துவது நம் ஊர் வழக்கம். இது வெறும் நாட்டுப் பழக்கமாக நின்றுவிடவில்லை. மும்பையில் அறுவை மருத்துவர் மாதுரி கோரேயின் குழு, நீராவியில் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயங்களிலும் தோல் எடுத்த இடங்களிலும் வைத்து, வாசலின் தடவிய காஸ் துணியோடு ஒப்பிட்டு, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. இலை ஒட்டவில்லை, கட்டு மாற்றும்போது வலி வெகுவாகக் குறைந்தது, செலவு மிகச் சொற்பம். வாழைத் தோட்டத்துக்குப் பஞ்சமில்லாத கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து பட்டைப் பற்றி எழுதும்போது இந்த இலையை ஓரங்கட்டிவிட முடியாது. புதிய டிரெஸ்ஸிங் எதையும் அறிமுகம் செய்பவர்கள் அதைக் காஸ் துணியோடு ஒப்பிட்டு வெற்றி என்று அறிவிப்பது வழக்கம். அது சுலபமான வெற்றி. ஒட்டாத, மலிவான பொருள் ஏற்கெனவே இருக்கும்போது, பட்டு அதைவிட மேலாக எதைச் செய்கிறது என்பதுதான் சரியான கேள்வி.

அதற்கு விடை காணக் கூட்டுக்குள் போக வேண்டும்.

பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தில் இலையை மூர்க்கமாகத் தின்று, ஏறத்தாழ நான்காவது வாரத்தில் உடம்பு மஞ்சள் ஓடி, கூடு கட்டுவதற்கான நெட்ரிகாவில் ஏறும். இரண்டு, மூன்று நாள் தலையை எட்டு வடிவில் ஆட்டிக்கொண்டே ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஓரிழை நூலை விடும். புழுவின் சுரப்பிக்குள் இந்த நூல் நூலாக இருப்பதில்லை. தண்ணீரில் கரைந்த அடர்த்தியான புரதக் குழம்பு அது. நடுவில் இருப்பது ஃபைப்ராயின் என்னும் புரதம். அதைச் சுற்றிப் பசையாகப் பூசப்பட்டது செரிசின் என்னும் வேறொரு புரதம். நூலின் எடையில் முக்கால் பங்கு முன்னது, ஏறத்தாழக் கால் பங்கு பின்னது. வாய்த்துளையை நோக்கி நகரும்போது குழம்பின் அமிலத்தன்மை மாறுகிறது, உப்புகளின் அளவு மாறுகிறது, தலையாட்டலில் இழுபடுகிறது. கரைந்திருந்த புரதம் கரையாத நூலாகிவிடுகிறது. எந்தக் கொதிகலனும் இல்லை, எந்த ரசாயனமும் இல்லை. பாலிமர் வேதியியலாளர்கள் இந்தப் புழுவைப் பொறாமையோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஃபைப்ராயினின் நீண்ட சங்கிலியில் கிளைசினும் அலனினும்தான் பெரும்பகுதி. இரண்டும் சிறிய அமினோ அமிலங்கள். அதனால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று இடைவெளி இல்லாமல் தாள் தாளாக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன; நடுநடுவே ஒழுங்கில்லாத தளர்ந்த பகுதிகள் வருகின்றன. படிகப் பகுதி வலுவைத் தருகிறது, தளர்ந்த பகுதி நெகிழ்வைத் தருகிறது. மருத்துவத்துக்கு முக்கியமான விஷயமும் இங்கேயே இருக்கிறது. படிகத்தின் அளவைக் கூட்டிக் குறைத்தால், இந்தப் பொருள் உடம்பில் எத்தனை நாள் தங்கிக் கரைய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். சில நாட்களில் கரைவதாகவும் செய்யலாம், ஓராண்டுக்கு மேல் தாங்குவதாகவும் செய்யலாம். கரையும்போது மிஞ்சுவது உடம்புக்குப் பழக்கமான அமினோ அமிலங்கள்தான். வாழையிலையால் முடியாத காரியம் இது. இலையை எடுத்தே ஆக வேண்டும். பட்டுப் படலத்தைப் புண்ணின்மேல் வைத்து, தோல் அதற்கு அடியில் மூடிய பிறகு தானாக உதிர விட்டுவிடலாம். கட்டுப் பிரிக்கிற நாளே இல்லாமல் செய்வதுதான் இதன் உண்மையான கவர்ச்சி.

செய்முறையில் புழு செய்ததைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கூட்டை வெட்டிப் புழுவை அகற்றி, ஓட்டைத் துண்டுகளாக்கி, மிக நீர்த்த சோடியம் கார்பனேட் கரைசலில் அரைமணி நேரம் கொதிக்கவைத்தால் செரிசின் கழன்றுவிடும். சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டை அவித்துப் பசை எடுக்கும் வேலை காஞ்சிபுரத்திலும் கும்பகோணத்திலும் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். ஆய்வுக்கூடத்தில் நேரக் கணக்கு மட்டும் கறாரானது: கூடுதலாகக் கொதித்தால் ஃபைப்ராயின் சங்கிலிகள் நறுங்கிப்போகும், படலம் வலுவிழக்கும், சீக்கிரம் கரையும். பசை போன பஞ்சை உலர்த்தி, அடர்த்தியான லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தால் நூல் முழுவதும் கரைந்து தேன் நிறக் குழம்பாகும். பிறகு சல்லடைப் படலத்துக்குள் ஊற்றி, இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றுவார்கள். கையில் எஞ்சுவது 7, 8 சதவீதப் புரதம் உள்ள தெளிந்த நீர்.

இந்த நீரைத் தட்டில் ஊற்றி உலரவிட்டால், ஆறிய பாலில் ஆடை படிவதுபோலக் கண்ணாடித் தெளிவுள்ள படலம் கிடைக்கும். உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு. மின்புலத்தில் பீய்ச்சினால் நம் தோலின் அடித்தளத்தை ஒத்த மிக நுண்ணிய இழைகளால் ஆன பாய். கெட்டிப்படுத்தினால் கூழ். ஆனால் புதிதாக உலர்ந்த படலம் தண்ணீர் பட்டால் திரும்பக் கரைந்துவிடும். மெத்தனால் காட்டியோ நீராவியில் வைத்தோ படிகத் தாள்களை மறுபடி அடுக்குகளாக அமையச் செய்தால்தான் புண்ணின் ஈரத்தைத் தாங்கும். லித்தியம் புரோமைடு விலை கூடியது. ஒரு துளி எஞ்சினாலும் ஆகாது. கால்சியம் குளோரைடு, எத்தனால், நீர் கலந்த மலிவான மாற்றுக் கரைப்பானும் புழக்கத்தில் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் செலவு கூட்டில் இல்லை, கழுவிச் சுத்தம் பண்ணுவதில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பள்ளத்தாக்கின் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

பட்டு உடம்புக்குள் போவது புதிதல்ல. அறுவைச் சிகிச்சையில் கறுப்புப் பட்டு நூலால் தைப்பது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். முடிச்சு நழுவாது என்பதால் இன்றும் விரும்பும் மருத்துவர்கள் உண்டு. மருந்தியல் நூல்கள் அதைக் கரையாத தையல் என்ற வகையில் வைத்திருக்கின்றன. உண்மையில் ஓராண்டுக்குள் உடம்பு அதன் வலுவில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பழைய பட்டுத் தையல்களால் சிலருக்கு ஒவ்வாமை வந்ததுண்டு. பசை நீக்காத பட்டே காரணம் என்று கண்டறிந்து, பழியைச் செரிசின்மேல் போட்டார்கள். நெடுநாள் அந்தப் புரதம் குற்றவாளிக் கூண்டில் நின்றது. பிறகு நடந்த ஆய்வுகள், ஃபைப்ராயினோடு சேர்ந்திருக்கும்போதுதான் தொல்லை, தனியாகப் பிரித்த செரிசின் அவ்வளவு மோசமில்லை என்றன. தாய்லாந்தின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பொர்னனோங் அரம்விட் அதை மருந்தாகவே ஆக்கிப் பார்த்தார். அவருடைய குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 29 தீக்காய நோயாளிகளின் 65 காயங்கள் இடம்பெற்றன. வழக்கமான வெள்ளிக் களிம்பு மட்டும் போட்ட காயங்கள் முழுதாக ஆற சராசரி 29 நாள். அதே களிம்பில் 8 சதவீதம் செரிசின் கலந்து போட்டவை ஆற 22 நாள். வார்டில் ஒரு வாரம் குறைவது சின்ன விஷயமில்லை. நோயாளிகள் எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய சுபாஷ் குண்டு. மல்பெரிப் பட்டை மட்டுமே உலகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் காடுகளில் விளையும் டஸ்ஸர் பட்டை எடுத்து ஆராய்ந்தார். டஸ்ஸர், அசாமின் மூகா போன்ற காட்டுப் பட்டுகளின் ஃபைப்ராயினில் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றும் தொடர்ந்து வரும் இடங்கள் உண்டு. நம் செல்கள் ஒரு தளத்தைப் பற்றிக்கொள்ளக் கைவைக்கும் பிடி அது. மல்பெரிப் பட்டில் அந்தப் பிடி கிடையாது. குவாஹாத்தி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டலின் ஆய்வகம் இந்தக் காட்டுப் பட்டுகளையும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்து ஆறாத புண்களுக்கான பாய்களை உருவாக்கிவருகிறது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கப்லான் குழு பட்டைக் கரைக்கும் முறைகளைச் செம்மைப்படுத்தி எல்லோரும் பின்பற்றும் வாய்பாடாக்கியது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்திலிருந்து கிளைத்த செரிஜென் நிறுவனமும், பெங்களூரின் ஃபைப்ரோஹீல் நிறுவனமும் பட்டுப் புரதத்தை மருத்துவப் பொருளாக்கியிருக்கின்றன. காட்டுப் பட்டுக்குரிய அந்தப் பிடி இல்லாததால், தேனி விவசாயி வளர்க்கும் வெண்ணிற மல்பெரிக் கூட்டுக்குச் செல்களைக் கூப்பிடும் தனிச் சக்தி ஒன்றும் கிடையாது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. டிரெஸ்ஸிங் பொருள் பல நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்தாலே போதும். தோல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

இத்துறையில் வெளிவந்திருக்கும் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை எலியிலும் சுண்டெலியிலும் செய்த சோதனைகள். எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. காயம் பட்டதும் அது சுருங்கி விளிம்புகளை இழுத்து மூடிவிடும். மனிதத் தோலில் மூடுவது பெரும்பாலும் செல்கள் ஊர்ந்து பரவுவதால்தான். எலிக்கு எதை வைத்தாலும் சீக்கிரம் ஆறும் என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மனிதர்களிடம் முறையாக நடந்த சோதனைகளில் குறிப்பிடத்தக்கது 2017இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டது. தோல் ஒட்டு அறுவைக்காகத் தோல் எடுத்த இடத்தில் 71 பேருக்குப் பட்டு ஃபைப்ராயின் படலத்தையோ வழக்கிலிருக்கும் வேறொரு டிரெஸ்ஸிங்கையோ வைத்து ஒப்பிட்டார்கள். பட்டு வைத்த இடம் விரைவில் ஆறியது, தொல்லைகளும் குறைந்தன.

தோல் எடுத்த இடம் என்பதில்தான் பட்டின் சரியான வேலைக்களம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2018 மார்ச் 11ஆம் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் சிலர் அங்கேயே இறந்தார்கள். பலர் அடுத்தடுத்த நாட்களில், வாரங்களில் ஆஸ்பத்திரிகளில் இறந்தார்கள். மொத்தம் 23 உயிர்கள். உடம்பின் பாதிக்கு மேல் ஆழமாக வெந்துபோனவரை எந்த டிரெஸ்ஸிங்கும் காப்பாற்றிவிடாது. அங்கே எதிரிகள் நீரிழப்பும் கிருமித் தொற்றும். வெந்த தோலை வெட்டி நீக்கி, நல்ல தோலை எடுத்து ஒட்டியாக வேண்டும். பட்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று யாராவது எழுதினால் அது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் பிழைக்க வாய்ப்புள்ள தீக்காய நோயாளிக்கு நாமே செய்யும் இரண்டாவது காயம் ஒன்று உண்டு. தொடையிலிருந்து மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனத்தில் தோலைச் சீவி எடுக்கிறோம். அந்த இடம் மயிர்க்கால்களிலிருந்து தானாக முளைத்து இரண்டு வாரத்தில் மூடும். தீப்பட்ட இடத்தைவிட இங்கே வலி அதிகம் என்று நோயாளிகள் அழுவதுண்டு. இந்தச் சுத்தமான, ஆழமில்லாத, எப்படியும் ஆறப்போகிற புண்ணில் ஒருமுறை ஒட்டிவிட்டுப் பிறகு தொடாமல் விடக்கூடிய படலம் பெரிய நிம்மதி.

எப்படியும் ஆறப்போகிற புண்ணைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவது, ஆறாத புண்ணைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியாததால்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி மங்கி, செருப்புக்குள் கிடந்த கல் குத்தியது தெரியாமல் பகல் முழுக்க நடந்துவிட்டு, இரவில் ஈரத்தைப் பார்த்துப் புண்ணைக் கண்டுபிடிக்கிறவர்கள் பள்ளத்தாக்கிலும் உண்டு. விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்குக் கால் ஈரத்திலேயே ஊறுகிறது. அட்டை கடித்த இடம் வேறு. அரிவாள் பட்டால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கி வைத்துக்கொண்டோ, காப்பித்தூளை அப்பிக்கொண்டோ வேலையைத் தொடர்கிறார்கள். நல்ல இரத்த ஓட்டமுள்ள இளம் உடம்பில் அதுவும் ஆறிவிடும். சர்க்கரை உள்ள ஐம்பது வயதுக் காலில் ஆறாது. நீரிழிவுப் புண் அழற்சி நிலையிலேயே மாதக்கணக்கில் சிக்கிக்கிடக்கும். உடம்பு கட்டுவதை அங்கே குவியும் நொதிகள் கரைத்துக்கொண்டே இருக்கும். பட்டுப் படலத்தையும் அவை கரைக்கும். பட்டுக்குச் சொந்தமாகக் கிருமி கொல்லும் ஆற்றல் ஏதும் கிடையாது. வெள்ளித் துகளோ மருந்தோ கலந்தால்தான் உண்டு. வெள்ளி அதிகமானால் கிருமியோடு தோல் செல்லும் சாகும்.

இந்த இடத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நினைக்காமல் இருக்க முடியாது. 1946இல் அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்கள் ஆறாமைக்குக் காரணம் சதையின் கேடு என்று எல்லோரும் நம்பியதை மறுத்தார். உணர்ச்சியில்லாத பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்துவதுதான் காரணம் என்று கண்டு, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினார். ஆண்டுக்கணக்காக ஆறாத புண்கள் ஆறின. விசேஷ மருந்து எதுவும் தடவவில்லை. இன்று உலகமெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குச் செய்யும் சிகிச்சையின் முக்கியமான வேர்களில் ஒன்று அந்த வேலூர் அனுபவம். பாதத்தின்மேல் பாரம் இறங்காமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, செத்த சதையை அகற்றுவது, இரத்த ஓட்டத்தைச் சோதிப்பது. இவற்றைச் செய்த பிறகே மேலே வைக்கும் பொருளைப் பற்றிய பேச்சு. தமிழ்நாடு அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் இந்த வரிசையைச் சரியாகப் பிடித்தால், பட்டு இல்லாமலேயே பல கால்கள் தப்பும்.

இனி பள்ளத்தாக்கின் கணக்கு. பட்டு வளர்ச்சிக் கூட்டங்களில் ‘மதிப்புக் கூட்டல்’ என்ற சொல் தவறாமல் வந்து விழும். கூட்டின் மருத்துவப் பயனைச் சொன்னதும், கூடு விலை ஏறும் என்ற நம்பிக்கை விவசாயிகளிடம் எழுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஒரு கிலோ வெண்கூட்டில் ஓடு ஏறத்தாழ 200 கிராம். மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவின் எடை. ஈரத்தையும் செரிசினையும் கழித்தால் ஃபைப்ராயின் 130 கிராம் தேறும். பத்துக்குப் பத்து செ.மீ. அளவில், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமுள்ள படலத்துக்கு முக்கால் கிராமுக்கும் குறைவான புரதமே வேண்டும். செய்முறையில் பாதி வீணாகிறது என்று தாராளமாக ஒதுக்கினாலும், ஒரு கிலோ கூட்டில் 90 படலம் கிடைக்கும். நூறு முட்டைத்தொகுதி வளர்த்து 70 கிலோ கூடு எடுக்கும் விவசாயி ஒருவரின் ஒரே அறுவடையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படலங்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் படலம் விற்பதாக வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு டன் கூடு போதும். தமிழகம் விளைவிப்பதோ ஆயிரக்கணக்கான டன். சேலை நெசவுதான் கூட்டின் விலையை இனியும் தீர்மானிக்கும். புண் கட்டும் படலத்தால் சந்தையில் ஒரு ரூபாய்கூட நகராது.

ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் வேறொரு வாய்ப்பு இருக்கிறது. சேலைக்கு அறுபடாத நீள இழை வேண்டும். கரைத்து ஊற்றும் படலத்துக்கு இழை எத்தனை துண்டானாலும் கவலையில்லை. முட்டை வித்தகங்களில் ஆண், பெண் பிரிப்பதற்காக அறுக்கும் கூடுகளும், அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடுகளும் நூற்புக்கு ஆகாமல் சொற்ப விலைக்குப் போகின்றன. அவை இதற்குப் போதும். புழுவை உயிரோடு வேகவைப்பதை உறுத்தலாக நினைக்கிறவர்களுக்கும் இது உவப்பான வழி. ஆனால் கழிவு என்பதாலேயே மலிவான மூலப்பொருள் என்று நினைத்துவிடக்கூடாது. மருத்துவப் பொருளுக்கு ஒவ்வொரு கூடும் எந்த மனையில், எந்த மாதத்தில், எந்தத் தோட்டத்து இலையில் விளைந்தது என்ற குறிப்பு வேண்டும். திராட்சைப் பந்தலில் அடிக்கும் மருந்து காற்றில் மல்பெரிக்கு வந்தால் புழு செத்துவிடும் என்பது இங்கே எல்லா விவசாயிக்கும் தெரியும். அந்த வகையில் உயிரோடு கூடு கட்டிய புழுவே இலையின் சுத்தத்துக்கு ஒரு சாட்சி. இருந்தும் மனையைக் கழுவும் பிளீச்சிங் பவுடர், நோய் வராமல் புழுப் படுக்கையில் தூவும் விஜேதா பொடி, சுண்ணாம்பு ஆகியவற்றின் தடயம் கூட்டின்மேல் இல்லை என்று சோதித்துக் காட்ட வேண்டியிருக்கும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் டிரெஸ்ஸிங்குக்கும் பொருந்தும். உரிமம் வாங்குவதற்குக் கிருமி நீக்கம், ஒவ்வாமை, நச்சுத்தன்மை என்று சோதனைகள் உண்டு. செலவு இங்கேதான் ஏறுகிறது. கடையில் கிடைக்கும் பட்டு டிரெஸ்ஸிங் காஸ் துணியைவிடப் பல மடங்கு விலை விற்பதற்கும் பட்டின் விலைக்கும் அதிகச் சம்பந்தமில்லை.

விலையைக் குறைக்கக்கூடிய ஒரே வழி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பட்டியலில் இது இடம்பெறுவது. அதற்கு எலிக் கட்டுரைகள் உதவாது. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்தில், தோல் ஒட்டு அறுவை செய்துகொள்ளும் நோயாளிகளை அவர்கள் சம்மதத்தோடு மூன்றாகப் பிரிக்க வேண்டும். தோல் எடுத்த இடத்தில் ஒரு பிரிவுக்கு வாசலின் காஸ், ஒரு பிரிவுக்குக் கிருமி நீக்கிய வாழையிலை, ஒரு பிரிவுக்குப் பட்டுப் படலம். எத்தனை நாளில் மூடியது, கட்டு மாற்றும்போது வலி எவ்வளவு, எத்தனை முறை மாற்ற நேர்ந்தது, நர்ஸின் நேரம் எவ்வளவு போயிற்று, ஆறு மாதம் கழித்துத் தழும்பு எப்படி இருக்கிறது என்று ஐந்தையும் எழுதிவைத்தால் போதும். பட்டு வாழையிலையை வெல்லவில்லை என்று முடிவு வந்தாலும் அதுவும் பயனுள்ள முடிவே. பிரிவுக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டு, ஒருவருக்கு இரண்டு படலம் ஆகும் என்றாலும், அந்த ஆய்வுக்கு ஒரு கிலோ கூடு போதும்.